பின்புறம் பார்க்க

வீட்டில் இருக்கும் மிகப் பழைய காகிதம் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் நிர்மலா டீச்சர். அந்தக் காகிதத்தில் பெயர் உள்ளவரைப் பற்றி வெள்ளிக்கிழமை கண்காட்சியில் பேச வேண்டும்.

ரைசா தன் தாத்தாவின் பழைய பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்தாள். ராபின் தன் பாட்டியுடைய அம்மாவின் ஞானஸ்நானச் சான்றிதழைக் கொண்டுவந்தான். கடைசி பெஞ்சு தௌபிக் போன வருடத்து நாள்காட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதுவும் பழசுதானுங்க டீச்சர்" என்றான்.

தமிழ்மதி கொண்டுவந்தது ஒரு பனியன் அட்டை. மடித்த பனியன் நிமிர்ந்து நிற்பதற்காக உள்ளே வைப்பார்களே, அந்த அட்டை. அதன்மேல் பழுப்பேறிய காகிதம் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது.

ராபின் எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்தான்.

"குற்றப் பரம்பரைச் சட்டப்படி பதிவு செய்யப்பட்ட காசிமாயன், வெளியூர் போய்வர அனுமதிச் சீட்டு. ஏனுங்க டீச்சர், இவங்க தாத்தா திருடனுங்களா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. தமிழ்மதியின் காது இரண்டும் சூடாயின.

"சிரிப்பை நிறுத்துங்க" என்றார் டீச்சர். "வெள்ளைக்காரன் காலத்துல அப்படியொரு சட்டம் இருந்துச்சு. சில சாதியில பொறந்தாலே குற்றவாளின்னு எழுதி வெச்சுடுவாங்க. திருடியிருக்க வேண்டியதில்லை, பொறந்தாப் போதும். அடுத்த ஊருக்குப் போகணும்னாலும் சீட்டு வாங்கணும். போற ஊருல எல்லாம் அதைக் காட்டிக் கையெழுத்து வாங்கணும். சுதந்திரம் வந்த சமயத்துலதான் அந்தச் சட்டம் ஒழிஞ்சுது. இப்பச் சொல்லு ராபின், தப்பு யாரு மேல?"

ராபின் தலையைச் சொறிந்தான். ஆனாலும் விடவில்லை. "அப்போ இந்தச் சிவப்பு மை எதுக்குங்க டீச்சர்? 'இரண்டு நாள் தாமதம். ஆறு மாதம் காவல்'னு போட்டிருக்கே."

டீச்சர் அட்டையை வாங்கிப் பார்த்தார். "அது எனக்குத் தெரியலையே கண்ணு" என்று தமிழ்மதியிடம் திருப்பிக் கொடுத்தார். "வேணும்னா வேற காகிதம் கொண்டு வர்றியா?"

"இல்லைங்க டீச்சர்" என்றாள் தமிழ்மதி. "இதேதான்."

* * *

ராயபுரத்தில் அவர்கள் குடியிருந்த வீடு ஓர் அயர்னிங் யூனிட்டுக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே ஸ்டீம் 'புஸ்ஸ்' என்று சீறினால் மேலே சன்னல் கம்பி வேர்க்கும்.

அப்பா ராஜபாண்டி ஷிப்ட் முடிந்து வந்து சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தார். தமிழ்மதி அட்டையை நீட்டியதும் அவர் கை நின்றது.

"அதை ஏன் தாயி பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போன?"

"இவர் யாருப்பா?"

"எங்க தாத்தா. உனக்குக் கொள்ளுத்தாத்தா."

"எதுக்கு ஜெயிலுக்குப் போனாரு?"

அப்பா குரலைத் தாழ்த்தினார். "ஊருக்கு உழவு மாடு வாங்கப் போனவரு, குறிச்ச நாள்ல திரும்பலை. மாட்டோட ஓடப் பாத்தாருன்னு பிடிச்சு உள்ள வச்சிட்டாங்க. வெளிய வந்தப்புறம் அவரு ரொம்ப நாள் இருக்கலை. அவரு பேச்சை ஊர்ல யாரும் எடுக்க மாட்டாக. உங்க பெரியப்பாகிட்ட கேட்டுப் பாரு, போனையே வச்சிருவாரு."

"ஓடப் பாத்தாருன்னு சொன்னது யாரு?"

"எல்லாரும்தான்."

"எல்லாரும் சரி. பாத்தது யாரு?"

அப்பா மறுபடி சட்டைப் பஞ்சைத் தட்ட ஆரம்பித்தார். அடுப்படியிலிருந்து அம்மா சித்ராதேவி சிரிக்கும் சத்தம் வந்தது. "கேக்குறாள்ல, சொல்லுங்க."

* * *

மொத்தம் மூன்று சீட்டுகள் இருந்தன. மூன்றும் மூன்று பனியன் அட்டைகளில் ஒட்டியிருந்தன. அப்பா பதினெட்டு வயதில் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து திருப்பூர் வந்தபோது எடுத்துவந்தவை அவை. மடிப்பு மடிப்பாக இற்றுப்போயிருந்தன. அப்போது அவருக்குப் பேக்கிங்கில் வேலை. கைக்கெட்டும் தூரத்தில் அட்டை, கையில் மைதா பசை. ஒட்டிவிட்டார்.

அன்று மாலை தமிழ்மதி மூன்றையும் தேதிப்படி வரிசையாக வைத்தாள். அம்மாவின் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினாள். கொக்கி போட்ட பழைய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து நோட்டில் எழுதினாள்.

முதல் சீட்டு. 'உழவு மாடு வாங்க. பத்து நாள்.' முத்திரைகளில் இருந்த ஊர்களை அவள் சமூக அறிவியல் புத்தகத்து வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே போனாள். பழனி. கணியூர். தாராபுரம். கடைசியாக வெள்ளகோவில்.

"அம்மா! வெள்ளகோவில்!" என்று கத்தினாள். "நம்ம காங்கேயம் பக்கம் இருக்கே, அதே ஊரு!"

"காங்கேயம் மாடு வாங்க வந்திருப்பாரு" என்றாள் அம்மா. "நடந்தேவா வந்தாரு?"

"நடந்தேதான். மாட்டை ஓட்டிக்கிட்டு நடந்தே திரும்பியிருக்காரு. அதுவும் ஒன்பதே நாள்ல!"

இரண்டாவது சீட்டிலும் அதே ஊர்கள். அதிலும் ஒரு நாள் முன்னதாகவே திரும்பியிருந்தார்.

மூன்றாவது சீட்டில்தான் சிவப்பு மை. பன்னிரண்டு நாள்.

ரெண்டு தடவை சொன்ன நாளுக்கு முன்னாடியே வந்தவர், மூணாவது தடவை மட்டும் ஏன் ஓடப் பார்க்கணும்? தமிழ்மதிக்கு அது பொருந்தவே இல்லை. கணியூர் முத்திரையை இன்னும் பெரிதாக்கினாள். முத்திரைக்குக் கீழே, ஓரத்தில், எறும்பு ஊர்ந்தது போல இரண்டு சொற்கள் இருந்தன.

'பின்புறம் பார்க்க.'

அட்டையைத் திருப்பினாள். பின்னால் பனியன் கம்பெனியின் மயில் படம்தான் இருந்தது.

* * *

"பின்னாடி எழுத்தா?" அப்பா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "மை ஊறின கறைன்னுல்ல நெனச்சேன்! பளிச்சுன்னு இருக்கட்டும்னு ரெண்டு கோட் பசை வேற போட்டேன்."

"பிரிச்சுப் பாக்கலாம்ப்பா."

"வேணாம். தொட்டா உதிரும். இருக்கிறதே அந்த மூணுதான். அதுவும் போச்சுன்னா தாத்தா இருந்ததுக்கே அடையாளம் கிடையாது."

அப்பா சொன்னது நியாயம்தான். தமிழ்மதி சன்னல் பக்கம் திரும்பினாள். கீழே ஸ்டீம் 'புஸ்ஸ்' என்றது. சன்னல் கம்பியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் ஒன்று வேர்த்து வேர்த்து, ஒரு மூலை சுருண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா, உங்க கம்பெனியில புது டிசைன் வந்தா எடுத்ததும் பத்தாயிரம் பீஸ் வெட்டிருவாங்களா?"

"அதெப்படி? மொதல்ல சாம்பிள் போட்டு ஓகே வாங்கணும்."

"நானும் பழைய பேப்பரை அட்டையில ஒட்டி, ஸ்டீம்ல பிரிச்சு சாம்பிள் காட்டுறேன். ஓகேன்னா மட்டும் தாத்தா சீட்டைத் தொடலாம்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். "என்ன சித்ரா, நம்ம வீட்டுக்கே சாம்பிள் மாஸ்டர் வந்துட்டா."

* * *

வீட்டில் கிடைத்ததிலேயே மிகப் பழைய செய்தித்தாள் பரணில் பாத்திரத்துக்கு அடியில் விரித்திருந்தது. அதை நான்கு துண்டாக வெட்டினாள். மைதா பசை காய்ச்சி, நான்கு பனியன் அட்டைகளில் ஒட்டி, மொட்டைமாடி வெயிலில் இரண்டு நாள் காயவைத்தாள்.

புதன்கிழமை பள்ளி விட்டதும் கீழே போனாள். அயர்னிங் மாஸ்டர் ஆரோக்கியராஜ் டி-சர்ட் ஒன்றை நீவிக்கொண்டிருந்தார். கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "பாப்பா, நான் சட்டைக்குத்தான் மாஸ்டர். சரித்திரத்துக்கு இல்ல" என்றார். என்றாலும் அயர்ன் பாக்ஸைக் கையில் எடுத்துக்கொண்டார். "நீ தள்ளி நில்லு. ஸ்டீம் நான் அடிக்கிறேன். காகிதத்தை நீ பாத்துக்க."

முதல் துண்டில் ஆவியை நேராக அடித்தார்கள். காகிதம் கூழாகிவிட்டது.

"போச்சு" என்றார் மாஸ்டர்.

"சாம்பிள்தானே மாமா. அடுத்தது."

இரண்டாவது துண்டைத் தூரத்தில் பிடித்து அடித்தார்கள். பசை இளகியது. ஆனால் தமிழ்மதி அவசரப்பட்டு இழுத்ததில் நடுவில் கிழிந்தது.

மூன்றாவதைத் தொடுவதற்கு முன் அவள் யோசித்தாள். முன்பக்கம் அடித்தால் காகிதம் ஊறிப்போகிறது. இழுத்தால் கிழிகிறது. "மாமா, காகிதத்துப் பக்கமே போக வேண்டாம். அட்டையைக் கவுத்துப் போட்டு, அட்டை முதுகுல அடிங்க. நாம காகிதத்தை உரிக்க வேண்டாம். அட்டையை உரிப்போம்."

கீழே வெள்ளைப் பனியன் துணி ஒன்றை விரித்து அட்டையைக் குப்புற வைத்தார்கள். ஆவி பட்டுப் பட்டு அட்டை ஊறியது. ஊறிய அட்டையைத் தமிழ்மதி வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக உரித்தாள். கடைசி அடுக்கையும் ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்தாள். செய்தித்தாள் துண்டு முழுதாகக் கிடைத்தது. பின்பக்கத்தில் இருந்த சோப்பு விளம்பரத்தைக்கூடப் படிக்க முடிந்தது.

நான்காவதிலும் அப்படியே.

ஆரோக்கியராஜ் மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஓகே பாப்பா. புரொடக்‌ஷன் ஆரம்பிக்கலாம்."

* * *

வியாழக்கிழமை மாலை அப்பாவும் கூட வந்தார். ஏதாவது ஆகிவிடுமோ என்று பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. மேசையைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தார்.

"அண்ணே, ஒரு இடத்துல நில்லுங்க" என்றார் மாஸ்டர். "எனக்குத் தலை சுத்துது."

மயில் முதலில் போனது. பிறகு ஒவ்வோர் அடுக்காக அட்டை போனது. இரண்டு கோட் பசை லேசில் விடவில்லை. ஒரு விரற்கடை உரிக்க ஐந்து நிமிடம் ஆனது. ஒரு மூலையில் காகிதம் விரிசல் விடப் பார்த்தது. தமிழ்மதி கையை எடுத்துவிட்டு, அந்த இடம் இன்னும் ஊறட்டும் என்று காத்திருந்தாள். அப்பா மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

கறையாகத்தான் முதலில் தெரிந்தது. பசையை ஒற்றி எடுக்க எடுக்க, கறை எழுத்தானது. தமிழ்மதி குனிந்து, விரல் படாமல் படித்தாள்.

"'இச்சீட்டுடைய காசிமாயன் இரண்டு உழவு மாடுகளுடன் இங்கு வந்து சேர்ந்தார். அமராவதியில் வெள்ளம். பரிசல் ஓடவில்லை. இரண்டு நாள் எங்கள் சாவடியில் தங்கினார். மாடுகளை விட்டு நகரவில்லை. தினம் மூன்று வேளையும் தானாகவே என்னிடம் வந்து முகம் காட்டிப் போனார். தாமதத்துக்கு ஆறு காரணம். இவர் காரணமல்ல. கணியூர் கிராம முனிசீப்பு.'"

அயர்ன் பாக்ஸ் மெல்லச் சீறிக்கொண்டிருந்தது.

"முன்னாடி பூரா 'இவன், அவன்'னு இருக்கு" என்றார் அப்பா மெதுவாக. "இங்க அந்த ஊர் அதிகாரி 'வந்தார்'னு எழுதியிருக்காரு பாரு."

"அப்புறம் ஏம்ப்பா ஜெயில்ல போட்டாங்க?"

"தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. சிவப்பு மை போட்டவரு பின்னால திருப்பிப் பாத்திருக்க மாட்டாரு." அப்பா கொஞ்சம் நிறுத்தினார். "நானுந்தான் பாக்கலை. பசையைத் தடவி மூடிட்டேன்."

"நீங்க ஒட்டலைன்னா எப்பவோ உதிர்ந்திருக்கும்" என்றாள் தமிழ்மதி. "பின்பக்கத்துக்கு வெயில் படாம பாத்துக்கிட்டதும் உங்க பசைதான்."

அப்பா சிரிக்க முயன்றார். ஆனால் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத்தான் துடைத்துக்கொண்டார்.

* * *

வெள்ளிக்கிழமை கண்காட்சியில் தமிழ்மதி சீட்டை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் வைத்து நிறுத்தியிருந்தாள். முன்னாலும் படிக்கலாம், சுற்றிப் போய்ப் பின்னாலும் படிக்கலாம். பக்கத்தில் வரைபடம். வெள்ளகோவிலிலிருந்து கணியூர் வரை ஒரு கோடு. அங்கே ஆற்றுக்கு நீல நிறம்.

ராபின் முன்னால் படித்தான். சுற்றிப் போய்ப் பின்னாலும் படித்தான். மறுபடி முன்னால் வந்து நின்றான்.

"நான் அன்னிக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றான்.

"நீ கேட்டதாலதான் நான் தேடினேன்" என்றாள் தமிழ்மதி. "ஆனா சிரிச்சது தப்பு."

"சரி, சிரிச்சது தப்பு." அவன் இன்னும் நகரவில்லை. "ரெண்டு நாளும் அந்த மாடுக என்ன தின்னுச்சு?"

"அது சீட்டுல இல்லை."

"கண்டுபிடிக்கலாமே!"

அப்பா பர்மிஷன் போட்டுவிட்டு வேலைச் சட்டையோடு வந்திருந்தார். பெற்றோர்கள் வரிசையாக நின்று படிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வேப்பமரத்தடிக்குப் போய்ப் போனை எடுத்தார். தமிழ்மதியும் பின்னாலேயே போனாள்.

"அண்ணே, நான்தான். தாத்தா பத்திப் பேசணும். வச்சிராதண்ணே, கேளு. அவரு ஓடலை. ஆத்துல வெள்ளம்ணே. வெள்ளம்." அந்தப் பக்கம் பெரியப்பா ஏதோ கேட்டார். "யாரு சொன்னாகளா? எழுத்துல இருக்குண்ணே. கையெழுத்தோட இருக்கு. இரு, எம் மக படிச்சுக் காட்டுறா."

அப்பா போனை நீட்டினார்.

தமிழ்மதி நோட்டைப் பிரித்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். ஊரில் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று, நன்றாகச் சத்தமாகவே ஆரம்பித்தாள்:

"'இச்சீட்டுடைய காசிமாயன்...'"