மூன்றாவது ரீலில் வந்த குரல்

ஒலிபெருக்கியின் கம்பியை நாகரத்தினம் இன்னும் மாட்டவேயில்லை. ஆனாலும் மூன்றாவது ரீலில், திரையில் படத்துப் பாடகன் வாயைத் திறந்ததும் பாட்டு கேட்டது.

1979, மழைக்காலத்துப் பிற்பகல். ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்துக் கிளப்பில், துரைமார் சாயங்காலம் பார்க்கவிருந்த வெளிநாட்டுப் படத்தை அவர் ஓட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். சர்வாதிகாரி ஒருவன் தடைசெய்த சாஸ்திரிய சங்கீதத்தை விடாமல் பாடியவனின் கதை. ஜன்னல் வழியே நுழைந்த மூடுபனியில், ஆலையில் வாடும் கொழுந்தின் பச்சை வாசமும் சூடேறிய புரொஜெக்டரின் கருகல் நெடியும் கலந்து, காலி நாற்காலிகளுக்கு இடையே மெல்லப் படர்ந்துகொண்டிருந்தன.

கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த மனைவி பவளம் நிமிர்ந்தாள். "சத்தம் வெக்கலன்னு சொன்னீங்களே?"

"வெளியில எவனாச்சும் ரேடியோ போட்டிருப்பான் லா."

ரேடியோ இல்லையென்று அவருக்குத் தெரியும். அது தமிழ்ப் பாட்டு. கோயிலில் தேவாரம் பாடும் ஆண்டியப்பன், ஆறு வருஷத்துக்கு முன் வேலைநிறுத்தத்தின்போது முகாரி ராகத்தில் கட்டி ஆலை வாசலில் பாடியது. பாடியது யாரென்று தோட்டத்து ஆபீஸ் கணக்குப்பிள்ளையான கிராணி கேட்டபோது, பெயரைச் சொன்னவர் நாகரத்தினம். ஆண்டியப்பனை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பவில்லை. மறுவாரம் நாகரத்தினத்துக்குக் கிளப் வேலை கிடைத்தது.

பவளத்துக்கு இது தெரியாது.

திரையில் சிப்பாய்கள் பாடகனைச் சுவரோடு சேர்த்துப் பிடித்து, அவன் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். பாட்டு நிற்கவில்லை. இன்னும் கிட்டத்தில் கேட்டது.

அவர் சுவிட்சை அணைத்தார். ரீல் தடதடவென்று சுற்றி ஓய்ந்தது. திரை வெறும் துணியானது.

பாட்டு மட்டும் இருந்தது.

திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். சுவர். ஜன்னலைச் சாத்தினார். குரல் கூடவே வந்தது. இத்தனை நெருக்கத்தில். காதுக்குள்ளேயே.

பவளத்தின் கையிலிருந்து துடைப்பம் விழுந்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

"ஏங்க," என்றாள் மெதுவாக. "நீங்க ஏன் ஆண்டியப்பண்ணன் மாதிரி பாடுறீங்க?"

நான் பாடல என்று சொல்லப் பார்த்தார். நாக்கு வேறு சொல்லில் இருந்தது. தொண்டை அதிர்ந்தது. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினார். விரலிடுக்கில் இரண்டாவது அடி கசிந்தது.

மூச்சை அடக்கினார். பாட்டு நின்றது.

அமைதி.

பிறகு, அவர் நெஞ்சுக்குள்ளே, அடுத்த அடிக்காக வேறொருவன் மூச்சை இழுத்தான்.