மூன்றாவது பூச்சு

ஜன்னல் திரைக்குப் பின்னால் ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்த கொசுக்கள் விளக்கேற்றியதும் கிளம்பி வந்து அவளையும் மகளையும் பிடுங்கி எடுத்தன. சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்த அவள் கணவன் பக்கம் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை.

"உங்களுக்கு மட்டும் என்ன, தனிச் சலுகையா?" என்று கிண்டல் செய்தாள். அவன் சிரித்தான். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்து நாற்பது நாள். சிரிக்கிற அளவுக்குத் தேறிவிட்டானே என்று அவள் வயிறு குளிர்ந்தது.

அந்தக் கருவிக்குப் பூச்சு போட்டவளே அவள்தான். பதினோரு வருடமாகத் தொழிற்சாலையில் அவளுக்கு அதுதான் வேலை. வெளிப்பொருள் எது வந்தாலும் உடம்பு மோப்பம் பிடித்து விரட்டப் பார்க்கும்; பூச்சு இருந்தால் கண்டுகொள்ளாது. கரைசலில் ஒரு தடவை முக்கி உலர்த்த வேண்டும். ஒரே தடவைதான் என்று சுவரில் எழுதியே ஒட்டியிருந்தார்கள். கட்டின புருஷனுக்குப் போகிற கருவி என்று தெரிந்த பிறகு கை கேட்குமா? மூன்று தடவை முக்கினாள்.

அடுத்த வாரம், அவன் வேலைக்கே வருவதில்லை என்று அலுவலகத்தில் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். அவனோ தினமும் போய் உட்கார்ந்துவிட்டுத்தான் வந்தான். ஒரு நாள் வீட்டில் துணி மடித்த மகள் ஒவ்வொன்றாக அவன் மடியில் அடுக்கினாள்.

"அப்பா மேலயா வைக்கிற?" என்று அதட்டினாள் அவள்.

மகள் கண்ணைச் சுருக்கி வெகுநேரம் தேடினாள். "அட, இங்கயா இருக்கீங்க?"

அன்றே அவள் அவனை மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.

"பிரமாதம்மா, உடம்பு அப்படியே ஏத்துக்கிச்சு," என்றார் டாக்டர், ரிப்போர்ட்டைப் புரட்டியபடி.

"அதை வெளிய எடுத்துடுங்க டாக்டர்."

"எடுத்தா இதயம் நின்னுடும்." நிமிர்ந்தார். "ஆமா, பேஷன்ட்ட கூட்டிட்டு வரலையா?"

அவன் அவருக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தான்.

வீட்டுக்கு வந்து, கூடத்து மடக்கு நாற்காலியில் அவனை உட்காரவைத்த பிறகும் அவள் அவன் கையை விடவில்லை. ஆசையாகப் போட்ட அதிகப் பூச்சு அவனை உயிரோடு அழித்துக்கொண்டிருந்தது. தன் கையையே வெட்டிப் போடலாம் போல் ஆத்திரம் வந்தது. பிடித்த கை ஒரு கணம் இருந்தது, ஒரு கணம் வெறும் காற்றாக இருந்தது.

"நீயும் மறந்துடுவியா?" என்றான்.

"வாய மூடுங்க. நான் எப்படி மறப்பேன்?"

அடுப்பில் எதுவோ தீயும் வாடை. மகள் குளித்துக்கொண்டிருந்தாள். வாடை புகையாகியது.

கையை விட்டாள். ஓடினாள். அடுப்பை அணைத்தாள். திரும்பி வந்தாள்.

கூடத்தில் யாரும் இல்லை.

எதற்காக அழுதுகொண்டிருந்தோம்? நினைவில்லை. கண்ணைத் துடைத்தாள். நடுக்கூடத்தில் ஒரு மடக்கு நாற்காலி விரிந்து கிடந்தது. மடக்கினாள். மடங்கவில்லை. எதுவோ இடித்தது. முழங்காலைக் கொடுத்து அழுத்தினாள். உள்ளே படக்கென்று முறிந்தது. இன்னும் கொஞ்சம். இன்னொரு முறிவு. பாதத்தில் வெதுவெதுவென்று ஈரம்.

"ஏம்மா இந்தப் பாடு படற? நகரு," என்று தலை துவட்டியபடி வந்த மகள், மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு தன் முழு பலத்தோடு அழுத்தினாள்.