ஐந்தரை அடி ஈரம்

மேஸ்திரி தன் தங்கையின் புது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். வெளியே மண் வெடித்துக் கிடந்தது. உள்ளே, படுக்கையறைச் சுவரில் மட்டும் ஈரம்; அதன் விளிம்பில் வெள்ளையாக உப்பு.

"வாண்ணே. வீடு கட்டிக் குடுத்தியா, கெணறு வெட்டிக் குடுத்தியா?" என்றாள் தங்கை. சிரிக்கவில்லை.

செங்கல் பார்க்கத்தான் கல். உள்ளே மயிரிழை மயிரிழையாகத் துளைகள். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அது மண்ணின் ஈரத்தை மேலே இழுத்துவிடும். அதனால்தான் அஸ்திவாரத்தின் தலையில், அடுத்த வரிக் கல்லை வைக்கும் முன், சுவரின் முழு அகலத்துக்கும் கெட்டியான கலவை போட்டு, மேலே தார் பூசுவார்கள். விரலளவு விட்டாலும் போதும், தண்ணீருக்கு அது வாசல்.

இங்கே விட்டது ஐந்தரை அடி. ஓர் ஆள் படுக்கும் நீளம்.

தார் பூசிய நாளில் அஸ்திவாரப் பள்ளத்து மழைத்தண்ணீரை மோட்டார் இறைத்துக்கொண்டிருந்தது. அதன் ஒயர் தோலுரிந்திருந்தது. "ஒண்ணும் ஆகாது, எறங்குங்க மாப்ளே" என்றவர் மேஸ்திரிதான். கொத்தனாரான தங்கை கணவன் இறங்கினான்; தண்ணீரில் கால் வைத்ததும் துடித்து, அஸ்திவாரத்தின் மேலேயே நீட்டி விழுந்தான். மாரடைப்பில் செத்தான் என்று எல்லோரையும் நம்பவைத்தார் மேஸ்திரி. அவன் கிடந்த இடத்தில் தார் பூசக் கை வரவில்லை. கல்லை அடுக்கி மூடிவிட்டார்.

"தார் முழுசா அடிச்சேல்ல?"

"அடிச்சேம்மா."

ஈரம் ஒரு வரி ஏறியது.

கண்ணெதிரே.

தங்கை சுவரைப் பார்க்கவில்லை. அண்ணன் முகத்தையே பார்த்தாள்.

"அவருக்கு நெஞ்சுவலிதானே?"

"நெஞ்சுவலிதான்."

இன்னொரு வரி.

மண்ணின் ஈரம் இடுப்பளவு ஏறினாலே அதிகம். தன் பாரமே அதை நிறுத்திவிடும். இது அவர் தோளுக்கு வந்துவிட்டது.

மேஸ்திரி பேச்சை விட்டு உளியை எடுத்தார். அடிக்கல்லை மொத்தமாக அறுத்தால் சுவர் உட்கார்ந்துவிடும். இரண்டடி அறுத்து, கெட்டித் தகட்டைச் செருகி, கலவையால் இறுக்கி, அது பிடித்த பிறகே அடுத்த இரண்டடி. மூன்று நாள் வேலை. ஈரக் கல் சில்லென்று இருக்க வேண்டும்.

இந்தக் கற்கள் உடம்புச் சூட்டில் இருந்தன.

ஒரு வாரம் கழித்துத் தங்கை போன் செய்தாள். "சுவர் காஞ்சிடுச்சுண்ணே. அவரைத்தான் எமன் கொண்டு போயிட்டான், உன்னையாவது விட்டு வச்சானே."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வராது. மேஸ்திரி வாயைத் திறந்தார்.

"விதிம்மா" என்றார்.

போனை வைத்தபோது பாதம் பிசுபிசுத்தது. தரை காய்ந்துதான் கிடந்தது.

"எந்தத் தண்ணியில போய் நின்னீங்க?" என்றாள் மனைவி.

குனிந்து பார்த்தார். பேன்ட்டின் ஈரம் முழங்காலைத் தாண்டி நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது. விளிம்பில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது.