காகிதம் வைத்தவள்

தைவானில், தைனான் நகருக்கு வெளியே இருந்த அந்தக் குன்று முழுக்கக் கல்லறைகள். புதுச் சாலை வரப்போகிறது. அதற்குள் ஒவ்வொரு கல்லறையையும் படமெடுத்து, கல்லில் இருப்பதைப் படித்துப் பதிவு செய்தாக வேண்டும். பெய்யூனும் அவளோடு வேலை பார்க்கும் ஹோங்சியும் புல்வெட்டும் கத்தியோடு காலையிலேயே ஏறிவிட்டார்கள். உச்சிக்கு வந்த வெயில் மண்டையைப் பிளந்தது.

வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள் இடுகாட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்பது ஊரறிந்த விஷயம். பெய்யூனுக்கும் தெரியும். ஆனால் மூன்று மாதம் முடியும் முன் வெளியே சொல்லவும் கூடாதே! இரண்டு முறை ஆசையாகச் சொல்லி, இரண்டு முறையும் இழந்தவள் அவள். இந்த முறை வாயை இறுக மூடிக்கொண்டாள். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும். அவளுக்கு வேறு வேண்டுதலே இல்லை.

ஹோங்சி மேல்வரிசைக்குப் போயிருந்தான். அவள் மூங்கில் புதரை விலக்கியபோது உள்ளே ஒரு சின்னக் கல்லறை தெரிந்தது. எழுத்தெல்லாம் தேய்ந்து கிடந்தது. வழக்கம்போலப் பையிலிருந்த மாவை அள்ளிக் கல்லில் பூசித் தேய்த்தாள். பள்ளங்களில் மாவு தங்கி, 'ச்சியூ அம்மையார்' என்று எழுத்து வெள்ளையாகத் தெரிந்தது. பக்கத்தில் பிள்ளைகளின் பெயர் வெட்டும் இடம் வழுவழுவென்று வெறுமையாக இருந்தது.

பிள்ளை இல்லாதவள்.

ஏப்ரலில் முன்னோர் கல்லறைகளில் புல் வெட்டிக் கும்பிடும் திருநாள் போன வாரம்தான் முடிந்திருந்தது. சொந்தக்காரர்கள் வந்துபோன மேடுகளில் எல்லாம் மஞ்சள் காகிதம் வைத்து, மேலே கல் வைத்திருந்தார்கள். இந்த வீட்டுக்கு ஆள் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். காகிதம் இல்லாத மேட்டை யாரும் சீந்தமாட்டார்கள். சாலை போடும்போது எலும்புகளை அள்ளி, ஊர்பேர் தெரியாதவர்களோடு ஒரே குழியில் கொட்டிவிடுவார்கள்.

காற்றில் பறந்து வந்த காகிதம் ஒன்று மூங்கிலில் சிக்கியிருந்தது. அவள் அதை எடுத்து மேட்டில் விரித்தாள். மேலே ஒரு கல்லை வைத்தாள்.

"இருக்கட்டும், பெரியம்மா," என்றாள்.

மூங்கில் இலைகளின் சலசலப்பு அடங்கியது.

வாரக்கணக்கில் மழையே இல்லை. ஆனாலும் அப்போதுதான் வெட்டித் திறந்ததுபோல ஈரமண் வாடை மூக்கில் ஏறியது. அதோடு பழைய துணியின் புழுக்க வாடையும் வந்தது.

பிறகு அவள் வயிற்றில் ஒரு கை பட்டது.

குளிர்ந்த கை. மாசமாக இருப்பவளைப் பார்க்க வந்த உறவுக்காரியைப்போல மெதுவாக, ஆசையாகத் தடவியது. பெய்யூன் குனிந்து பார்த்தாள். சட்டையில் மாவுக்கை பதிந்திருந்தது. அவள் கை அவ்வளவு சின்னது இல்லை. விரல்கள் பதிந்திருந்த விதத்தைப் பார்த்தால், எதிரே நின்ற யாரோ வைத்த கை அது.

எதிரே கல்லறைதான் இருந்தது.

ஹோங்சி பாக்கு மென்றபடி இறங்கி வந்தான். மேட்டைப் பார்த்ததும் சிரித்தான்.

"யாரு, நீயா காகிதம் வெச்சே? வெச்சவங்கதான் சொந்தம் தெரியும்ல? இனி வருஷா வருஷம் வந்து நீதான் புல்லு வெட்டணும்."

அவன் கேமராவோடு கல்லின் முன் குந்தினான். "அட, பாவம் பாத்து வெச்சியாக்கும். இந்தம்மாவுக்குத்தான் புள்ளை இருக்கே. மகன், அன்ஹே."

பெய்யூன் கல்லைப் பார்த்தாள். வெறுமையாக இருந்த இடத்தில் எழுத்து இருந்தது. வெட்டின பள்ளத்தில் பாசிகூடப் படிந்திருந்தது. கல் வைத்த நாளிலிருந்தே இருப்பதுபோல.

அன்ஹே. பிள்ளை தங்கினால் வைக்கலாம் என்று அவளும் கணவனும் போர்வைக்குள் கிசுகிசுத்த பெயர். மூன்றாவது காதுக்கு அது போனதே இல்லை.

எல்லாவற்றையும் ஹோங்சியிடம் சொன்னாள். அவன் வாயிலிருந்த பாக்கைத் துப்பினான். முகம் வெளிறிவிட்டது.

"பைத்தியமா உனக்கு? வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு, புள்ளை இல்லாதவ கிட்டப் போய் சொந்தம்னு சொல்லுவியா? எடு. மொதல்ல அதை எடு."

அவள் கல்லைத் தள்ளிக் காகிதத்தை உருவினாள்.

அடிவயிற்றில் சுரீரென்று இழுத்தது. அந்த வலியை அவளுக்குத் தெரியும். ஏற்கெனவே இரண்டு முறை வந்த வலி. தொடையில் சூடாக ஏதோ வழிந்தது.

பார்க்க வேண்டியதே இல்லை. ரத்தம்.

அவள் முழங்காலில் விழுந்து காகிதத்தை மறுபடி விரித்தாள். அவசரத்தில் கல் நழுவியது. திரும்ப எடுத்து வைத்து, இரண்டு கைகளாலும் அழுத்தினாள்.

வலி நின்றது.

ஹோங்சி அவள் தோளைப் பிடித்து இழுத்தான். அவள் வரவில்லை. கல்லின் மேல் நெற்றியை வைத்து, அவனுக்குக் கேட்காதபடி சொன்னாள்.

"உங்க புள்ளைதான். உயிரோட மட்டும் என்கிட்ட குடுங்க."

மூங்கில் இலைகள் மறுபடி அசைய ஆரம்பித்தன.

ச்சியூ அம்மையாரின் எலும்புகளைப் பெய்யூனே முன்நின்று எடுத்து, குடும்பத்தார் என்று சொல்லி, இறந்தவர்களின் எலும்புகளைப் பாதுகாக்கும் நல்ல மண்டபம் ஒன்றில் வைத்தாள். அதற்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம்கூடப் படவில்லை. குளிர்காலத்தில் அன்ஹே பிறந்தான். கொழுகொழுவென்று வளர்ந்தான். ஒரு காய்ச்சல், சளி கிடையாது. கண் படப்போகிறது என்று அக்கம்பக்கத்தார் சொன்னபோதெல்லாம் அவள் சிரித்து மழுப்பினாள்.

ஒரு மதியம் அவனை மடியில் வைத்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் உதட்டைக் குவித்தான்.

"ம்மா."

முதல் சொல். பெய்யூனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. "என்னடா கண்ணு," என்று குனிந்தாள்.

அவன் சின்னக் கையால் அவள் முகத்தை ஒதுக்கினான். அவள் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தான். தூக்கிக்கொள்ளச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினான்.

"ம்மா."

பின்னால் சுவர்தான் இருந்தது. பெய்யூன் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளையை இழுத்து இறுக அணைத்துக்கொண்டாள். அவன் அவள் கைகளுக்குள்தான் இருந்தான். ஆனால் அவள் கையில் எடையே தெரியவில்லை; அதை வேறு யாரோ தாங்கிக்கொண்டிருந்தார்கள்.