அவள் சொல்லாத பதில்

வெயில் சாயும் நேரம் அவள் கைபேசியைத் திறந்தபோது, 'இன்றைய பதில் பதிவாகிவிட்டது, நன்றி' என்று செயலி பச்சை நிறத்தில் காட்டியது. அவள் இன்னும் வாயே திறக்கவில்லை.

பிரசவம் முடிந்து வீடு திரும்பிய அன்று மருத்துவமனை சிஸ்டர்தான் அந்தச் செயலியைப் போட்டுக்கொடுத்தார். "மனசு எப்படி இருக்குன்னு தினமும் இதுல வாய்விட்டுப் பேசுங்கம்மா. சரியில்லன்னா நானே கூப்பிடுவேன்." சொன்னபடியே கூப்பிட்டார். குழந்தையைப் பார்த்தால் தனக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்பதை அவரிடம் மட்டும்தான் அவளால் சொல்ல முடிந்தது.

பால் புளித்த வாடையடிக்கும் நைட்டியோடு, பாதி மடித்த துணிகளுக்கு நடுவே கட்டிலில் உட்கார்ந்து பதிவைக் கேட்டாள். அவள் குரலேதான். "நல்லா தூங்கினேன் சிஸ்டர். பாப்பாவ கொஞ்சிட்டே இருக்கேன்." பேச்சுக்குப் பின்னால் ஈரச் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும், வாளியில் குழாய் சொட்டும் ஓசையும்.

படுக்கையறையை ஒட்டிய குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

கணவனை அழைத்தாள். "அது நான் பேசினது இல்லங்க."

"உன் குரல் எனக்குத் தெரியாதா? தூக்கக் கலக்கத்துல பேசிட்டு மறந்திருப்ப. என் போன்லயும் வந்த பச்சையப் பாத்த பிறகுதான் எனக்கு உசுரே வந்துச்சு." சிரித்தான். அவன் சிரித்து வெகுநாளாயிற்று. "கிளம்பிட்டேன், வந்துடறேன்."

அவன் வைத்ததும் சிஸ்டர் கூப்பிட்டார். "பழையபடி ஆயிட்டீங்கம்மா! இனிமே நான் கூப்பிட வேண்டியதில்ல."

"வெச்சிடாதீங்க சிஸ்டர். அது நான் இல்ல..."

"ரொம்ப நன்றி சிஸ்டர்."

அவள் குரல். அவள் வாயிலிருந்து அல்ல. கதவுக்குப் பின்னாலிருந்து.

"சந்தோஷம்மா." இணைப்பு அறுந்தது.

எழுந்துபோய்க் கதவைத் தள்ளினாள். ஈரத் தரை. யாருமில்லை. உள்ளே ஓரடி வைத்தாள். முதுகுக்குப் பின்னால், தொட்டிலில் சிணுங்கிக்கொண்டிருந்த குழந்தை சட்டென்று அடங்கியது.

திரும்பினாள்.

கட்டிலில் அதே நைட்டி. அதே கலைந்த கொண்டை. மடியில் குழந்தை.

கத்தினாள். சத்தம் வரவில்லை. கால் நகரவில்லை.

வாசற்கதவு திறந்தது. கணவன் வந்தான். கட்டிலில் இருந்ததன் அருகே உட்கார்ந்தான். "பால் குடிக்கிறாளா?"

"குடிக்கிறா. பாருங்களேன்."

குழந்தை மார்பை விட்டுத் தலையைத் திருப்பியது. அவளை நேராகப் பார்த்து வீறிட்டது.

"அங்க என்னடா செல்லம்?" அவன் எழுந்து வந்தான். அவள் முகத்துக்கு நேரே நின்றான். எதையும் காணாதவனாகக் கதவை இழுத்துச் சாத்தினான்.

சாத்துமுன் இடுக்கில் கண்டாள். அவன் முதுகுக்குப் பின்னால், ஒரு கை குழந்தையின் வாயை மெல்லப் பொத்திக்கொண்டிருந்தது.