முப்பத்தேழு பேர் கண்ட கனவு

காலை பத்து மணிக்கு முப்பிடாதி, சரோஜினியின் தலையணையில் தூங்கிக்கொண்டிருந்தாள். தலையில் சரோஜினி தேய்க்கும் விளக்கெண்ணெய். மதியம் சாப்பிட்டபின் தலையை அலசி, வெந்தயம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெயைத் தேய்த்துக்கொண்டு மும்தாஜின் தலையணையில் படுக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு தலை. இதுதான் அவள் வேலை. சிரிக்காதீர்கள், திருப்பூரில் அந்த வருடம் இதைவிடப் பொறுப்பான வேலை வேறு கிடையாது.

தலையணைக்குள், இலவம்பஞ்சுக்கு நடுவே, கனவுமானி இருந்தது. உடம்புக்கு வரப்போகும் நோய் உடம்புக்காரிக்குத் தெரிவதற்கு முன்னாலேயே கனவுக்குத் தெரிந்துவிடுகிறது என்று யாரோ கண்டுபிடித்துத் தொலைத்திருந்தார்கள். முடிவே இல்லாமல் படியேறும் கனவு வந்தால் ரத்தசோகை. தண்ணீருக்கு அடியில் நடந்து போனால் தைராய்டு. திறக்க வராத துருப்பிடித்த கதவு என்றால் கர்ப்பப்பை. இப்படி நானூறு கனவுகள் காப்பீட்டுக் கம்பெனியின் பட்டியலில் இருந்தன. காப்பீடு எடுத்தவள் மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் கம்பெனி தந்த அந்தத் தலையணையில் தூங்க வேண்டும். மாதக் கடைசியில் ஓரத்தில் ஒரு விளக்கு எரியும். பச்சை என்றால் நலம். மஞ்சள் என்றால் பரிசோதனைச் சீட்டு வரும்.

சீட்டு வருவது நல்லதுதானே என்று நினைப்பீர்கள். கம்பெனிக்காரன் அவ்வளவு நல்லவனா? மஞ்சள் எரிந்தவளுக்கு அடுத்த மாதத்திலிருந்து தவணை இரண்டு மடங்கு. கட்ட முடியாவிட்டால் காப்பீடு போச்சு. காப்பீடு போனவளுக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் பரிசோதனை அறையின் கதவு திறக்காது. அந்தக் கதவுகள் எல்லாம் சீட்டைக் காட்டினால்தான் திறக்கும்படி செய்யப்பட்டவை. ஆனால் பன்னிரண்டு மாதம் தொடர்ந்து பச்சை எரிந்தால் முழு உடல் பரிசோதனை இலவசம். அதாவது நோய் இல்லை என்று தெரிந்தவளுக்கு, நோய் இருக்கிறதா என்று சும்மா பார்த்துக் கொடுப்பார்கள்.

அதனால்தான் முப்பிடாதி தேவைப்பட்டாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், இருபத்தாறு வயது. பனியன் கம்பெனியில் பவர் டேபிள் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிப் போகிறாள் என்று வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். கனவில் அவளுக்கு வருவதெல்லாம் ஊர்ப் பருத்திக்காடு ஒன்றுதான். வெயில், வெள்ளை, காற்று. நோய்நொடி எதுவும் எட்டிப் பார்க்காத சுத்தமான கனவு. காம்பவுண்டு வீடுகளில் இருந்த முப்பத்தேழு பெண்களும் தங்கள் தலையணைகளை அவளிடம் கொடுத்தார்கள். தலையணை தன் சொந்தக்காரியைக் கூந்தல் வாசனையை வைத்து அடையாளம் காணும். நம் பெண்களிடம் போய்க் கூந்தல் வாசனையை நம்பியிருக்கிறார்கள் பாருங்கள், அந்த அறிவாளிகளை என்ன சொல்வது. எண்ணெய்க் கிண்ணமும் தலையணையும் சேர்ந்தே வந்தன. இரண்டு வேளைச் சோறும் தங்க ஒரு அறையும் முப்பிடாதிக்குக் கிடைத்தன. அவளுக்கென்று காப்பீடும் இல்லை, தலையணையும் இல்லை. சொந்தத் தூக்கத்தை அவள் வெறும் பாயில் தூங்கினாள்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவள் ரத்தினாள். முப்பத்தேழு பேரில் ஒருத்தி, பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவு சூப்பர்வைசர், நாற்பத்தைந்து வயது, அதட்டல் குரல். ஒன்றரை வருடம் எல்லாத் தலையணையிலும் பச்சைதான்.

பங்குனி மாதக் கடைசி நாள் காலையில் முப்பத்தேழு தலையணைகளிலும் ஒரே நேரத்தில் மஞ்சள் எரிந்தது. எல்லாச் சீட்டிலும் ஒரே வரி: இடது மார்பு, தொடக்க நிலைக் கட்டி, ஐயம்.

பெண்கள் ஆடிப் போனார்கள். மும்தாஜ் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். ரத்தினாள் முப்பிடாதியைக் கூப்பிட்டு, அப்படி என்னதான் கனவு கண்டாய் என்று கேட்டாள். அவள் பயந்துபோய்ச் சொன்னாள். வழக்கமான பருத்திக்காடுதான். ஆனால் இந்த மாதம் முழுக்க நடுக்காட்டில் ஒரே ஒரு காய் மட்டும் வெடிக்காமல் கறுப்பாக நின்றது. தொட்டால் இளஞ்சூடாக இருந்தது. பறிக்க வரவில்லை. அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளில் முப்பிடாதி தயங்கித் தயங்கி ரத்தினாளிடம் வந்து நின்றாள்.

“நான் வேணும்னா உங்களுக்குப் பதிலா போயிட்டு வரட்டாக்கா?”

“தூங்கறதுக்கு ஆள் அனுப்பலாம். ஆஸ்பத்திரிக்குமா அனுப்புவாங்க? போய்ச் சோறாக்கு போ,” என்று ரத்தினாள் அதட்டி அனுப்பினாள்.

முப்பத்தேழு பேரும் இரண்டு பஸ்ஸில் போனார்கள். ஒவ்வொருத்தியாக அந்தக் குளிர்ந்த அறைக்குள் போய் வந்தார்கள். ஒருத்திக்கும் ஒன்றும் இல்லை. டாக்டரம்மாவே ஆச்சரியப்பட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே சிரிப்பும் கும்மாளமும். யாரோ முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். ரத்தினாளும் சிரித்துக்கொண்டுதான் ஒரு முறுக்கை எடுத்தாள். பாதி கடித்ததும் அவள் வாய் நின்றுவிட்டது.

“ஏனுங்க சரோஜினிக்கா, நம்ம தலகாணில எல்லாம் தூங்குனது ஒருத்திதானுங்களே?”

கட்டி முப்பிடாதிக்குத்தான் என்று ஒவ்வொருத்திக்கும் புரியப் புரிய, கை மாறிக்கொண்டிருந்த முறுக்குப் பொட்டலம் நின்றுபோனது. போகும்போது முப்பத்தேழு சீட்டு கையில் இருந்தது, ஒரு சீட்டுக்குக் கதவு ஒருமுறைதான் திறக்கும். அதில் ஒன்றைக் கொடுத்து முப்பிடாதியை அந்த அறைக்குள் அனுப்பியிருந்தால் போதும். அவளே வந்து கேட்டாளே. ஒன்றரை வருடமாக எல்லாவற்றுக்கும் அவளை அனுப்பியவர்கள், அனுப்ப வேண்டிய அந்த ஒரு நாளில் யோக்கியமாகத் தாங்களே போய் வந்துவிட்டார்கள். ரத்தினாளுக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அழுது என்ன ஆகப் போகிறது என்று காரியத்தில் இறங்கினார்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு முப்பிடாதியின் பெயரில் காப்பீடு எடுத்தார்கள். அவளுக்கென்று ஒரு தலையணை வந்தது. அந்தக் கனவு இன்னொரு முறை வந்தால் போதும், மஞ்சள் எரியும், சீட்டு வரும், கதவு திறக்கும். கட்டி தொடக்க நிலையில்தான் இருக்கிறது, பிழைத்துக்கொள்வாள். புதுக் காப்பீட்டுக்கு மட்டும் முதல் தூக்கத்திலேயே முடிவு சொல்லிவிடுவார்கள். இதற்கிடையில் கம்பெனியிலிருந்து ஒரு கடிதமும் வந்தது. முப்பத்தேழு பேருக்கும் தவணை உயராது, பழையபடியே தொடரும் என்று அதில் இருந்தது. அதை யாரும் இரண்டாம் முறை படித்துப் பார்க்கவில்லை. நல்ல செய்தியை யார் திருப்பிப் படிக்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலை ரத்தினாள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்தார்கள். முப்பிடாதி முதன்முறையாகத் தன் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு தன் தலையணையில் தலை வைத்தாள். ஜன்னல் வெயில் அவள் காலடியில் கிடந்தது. தெருவில் யாரோ துணி துவைக்கும் சத்தமும் கொஞ்ச நேரத்தில் நின்றது. முப்பத்தேழு பெண்கள் சுவரோரமாக உட்கார்ந்து, மஞ்சள் எரிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு வேண்டுதலை எந்தச் சாமியும் அதற்கு முன் கேட்டிருக்காது. முப்பிடாதியின் இமைகளுக்குள் கண்கள் மெதுவாக அசைந்தன. காட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது. அவள் வலது கை எதையோ தொடுவதுபோல் பாயிலிருந்து சற்றே எழுந்து, பிறகு இறங்கியது.

ஒரு மணி நேரம் கழித்து எழுந்தவள் முகமெல்லாம் சிரிப்பாக, “வந்துட்டுக்கா. அதே கறுப்புக் காய். இப்ப கொஞ்சம் பெருசாயிருக்கு,” என்றாள்.

விளக்கு எரிந்தது. பச்சை.

ரத்தினாள் தலையணையைக் குலுக்கிப் பார்த்தாள். பச்சையேதான். கம்பெனிக்குப் போன் போட்டாள். எடுத்தது ஒரு சென்னைப் பெண், நல்ல மரியாதையான குரல். கறுப்புக் காய்க் கனவு போன வாரமே பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டதாக அவள் விளக்கினாள். முப்பத்தேழு பெண்கள் அதைக் கண்டார்கள், ஒருவருக்கும் நோய் இல்லை. இதைவிடத் தெளிவான சான்று ஒரு கனவுக்கு எதிராக இதுவரை கிடைத்ததே இல்லையாம். இனி நாட்டில் எந்தப் பெண்ணுக்கு அந்தக் கனவு வந்தாலும் பச்சைதான் எரியும். உங்கள் காம்பவுண்டுப் பெண்களுக்கு நன்றி என்றும் சொன்னாள்.

“அந்தக் கனவு பொய்யில்லைங்க அம்மிணி,” என்றாள் ரத்தினாள். குரலில் அதட்டல் இல்லை. “நாங்கதான் பொய். எங்கள்ல ஒருத்திகூட அதைக் காணலீங்க. எல்லாருக்கும் சேத்து ஒரு புள்ளதான் தூங்குச்சு. அந்தப் புள்ளைக்குத்தான் கட்டி.”

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் விதியைச் சொன்னாள். வேறொருத்தியைத் தூங்க வைத்ததாக ஒப்புக்கொள்பவருக்கு அந்த நிமிடமே காப்பீடு ரத்து. வாழ்நாளில் மறுபடி கிடையாது.

“சரிங்க. என் பாலிசி நம்பரை எழுதிக்கோங்க.” ரத்தினாள் எண்ணைச் சொன்னாள்.

“எழுதிட்டேன் மேடம். ஆனா ஒருத்தர் சொன்னா போதாது. கனவைத் திரும்பப் பட்டியல்ல சேர்க்கணும்னா முப்பத்தேழு பேர்ல பாதிக்கு மேல உங்களை மாதிரியே ஒப்புக்கணும். இன்னும் பதினெட்டு பேர் வேணும்.”

ரத்தினாள் போனைக் கூடத்தின் நடுவில், தரையில் வைத்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினாள். முப்பத்தாறு பெண்கள் அதைப் பார்த்தார்கள். சரோஜினிக்குப் படியேறும் கனவு வராத இரவே கிடையாது. மும்தாஜுக்கு வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள். ஒவ்வொருத்திக்கும் தன் உடம்பில் ஒரு கதவோ ஒரு தண்ணீரோ இருந்தது.

“எதுக்குக்கா இம்புட்டு விசாரம்? பச்சதான எரியுது,” என்றாள் முப்பிடாதி. அவள் கண் கலங்கியிருந்தது, நிம்மதியில். “எனக்கு ஒண்ணும் இல்லன்னு தலகாணியே சொல்லிட்டுல்லா.”

யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த எண்ணைச் சொல்லலாம் என்று போன் தரையிலிருந்து இரண்டு முறை சொன்னது. கூடத்தில் வெயில் மெல்ல நகர்ந்து பாயின் நடுவுக்கு வந்திருந்தது. முப்பிடாதி தன் புதுத் தலையணையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, அதில் கன்னத்தை வைத்து, அவர்கள் எல்லோருக்கும் நடுவே மறுபடி தூங்கிப் போனாள்.