நாலாவது பெயர்

"உங்களுக்கு எண்ணத் தெரியுமா, தெரியாதா?"

கம்ப்யூட்டரிலிருந்து நிமிர்ந்தவள் அப்படியே உறைந்துபோனாள்... ஆர்டர்களைச் சீட்டாக்கிக் கீழே அனுப்பும் புரோகிராம் எழுத, கேக் கடையின் மாடி அறையில் அவள் வேலைக்குச் சேர்ந்து பத்தே நாள். கீழே கேக்கில் பெயர் எழுதும் மாஸ்டரை இன்றுதான் நேரில் பார்க்கிறாள். புருவத்தில் மாவு... மழையில் கழுவிவிட்டாற்போல் பளிச்சென்ற கண்கள். அடப்பாவி, கோபத்தில்கூடவா ஒருவன் இத்தனை அழகாயிருப்பான்!

"ஒரே கேக்கு, நாலு குழந்தைங்களுக்குப் பொறந்தநாள். நீங்க அனுப்பின சீட்டுல மூணு பேருதான் இருக்கு. நாலாவது பொண்ணு கீழ தேம்பித் தேம்பி அழுவுது!"

"என் புரோகிராம் தப்பே பண்ணாது. நீங்கதான் சரியாப் படிச்சிருக்க மாட்டீங்க."

"ஆமாங்க, என் கண்ணுதான் அவிஞ்சு போச்சு!"

தடதடவென்று இறங்கிப் போனான். வீறாப்பாகத்தான் புரோகிராமைத் திறந்தாள். பெயர்களை வாங்க அவள் வைத்திருந்தது மூன்றே இடம்! நான்காவது வந்தால் மூச்சுக் காட்டாமல் தூக்கி எறிந்துவிடும். ஐயோ, இது கூடவா தோன்றவில்லை? மூன்று இடங்களையும் அழித்தாள். 'பெயர்கள்' என்ற ஒரே சொல்லை எழுதி, அதன் முன்னால், 'எத்தனை வந்தாலும் வாங்கிக்கொள்' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் மூன்று புள்ளி வைத்தாள். இனி ஒருவர் வந்தாலும் ஒன்பது பேர் வந்தாலும் எல்லோரும் ஒரே பட்டியலில் உட்கார்ந்துகொள்வார்கள்.

கீழே முதலாளி கத்துவது கேட்டது. "பேரைப் பாத்து எழுதத் தெரியாதவன் எனக்கெதுக்கு? நாளையிலேர்ந்து வராதே!"

அவள் ஓடினாள். அவனோ மூன்றே பெயர் இருந்த அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் மடித்து வைத்துவிட்டு, திட்டு வாங்கிக்கொண்டிருந்தான். உண்மையைச் சொன்னால் அவள் வேலை போய்விடுமே... போனால் போகட்டும்!

"சார், தப்பு என்னோடது. புரோகிராம்தான் நாலாவது பேரை விட்டுடுச்சு. அவரை அனுப்பாதீங்க."

முதலாளி இருவரையும் மாறி மாறி முறைத்தார். "முதல்ல அந்தக் குழந்தை பேரை எழுதுய்யா! இன்னொரு தடவை இப்படி ஆச்சு, ரெண்டு பேரும் வீட்டுக்குத்தான்."

அவன் எழுதி முடித்தான். குழந்தை கண்ணீரோடு சிரித்தது. வெளியே மழை கொட்டியது... கடை வாசலில் அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சீட்டைக் காட்டியிருந்தா தப்பிச்சிருப்பீங்களே... ஏன் காட்டலை?"

"காட்டினா உங்களை அனுப்பிடுவாரு. அப்புறம் நான் யார்கூடச் சண்டை போடுறதாம்?"

"ஓ... சண்டை மட்டுந்தானா?"

அவன் காது மடல் சிவந்தது. "பிடிச்சிருக்குங்க. திட்டத்தான் மேல வந்தேன்... பார்த்ததும் பிடிச்சுப் போச்சு. போதுமா?"

"எனக்கும்..." என்றாள், மழையைப் பார்த்தபடியே. "நீங்க கத்தும்போதே."